குழிமுனியும் கொழும்புப் பேட்ஜும்

என் புருஷன் காத்தமுத்துவுக்குக் குறை சொல்லாமல் சோறு இறங்காது. தேங்காய்ச் சம்பலில் உப்பு கூடிப்போச்சு, தேத்தண்ணியில் சாயம் காணாது, கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்ததும் என் தப்பு. கல்யாணம் முடித்து இருபத்தாறு வருஷமாக இதே பாட்டுத்தான். அந்த வாயால் ஒருநாளாவது "நீ சாப்பிட்டியா" என்று கேட்டிருப்பாரா என்றால், இல்லை. கேட்காவிட்டால் போகட்டும், அதற்காக நான் பட்டினி கிடக்கிற ஆள் இல்லை. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

எஹலியகொடைக்கு உள்ளே இருக்கிற றப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. எனக்குப் பால் வெட்டுகிற வேலை. அவரும் முன்பு என்னோடு பால் வெட்டியவர்தான். மரத்துக்கு மரம் ஓடுவது தனக்குச் சரிப்படாது என்று, ஏழு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துக்குக் கீழே வயலோரம் இருக்கிற குணபால முதலாளியின் மாணிக்கக் குழிக்குப் போய்விட்டார். குழிக்குள் இறங்கினால் மனுஷன் வேறு ஆளாம். முப்பதடி ஆழத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பாடுவாராம். இதை எனக்குச் சொன்னது அவரோடு குழியில் வேலை செய்கிற மூக்கையா. வீட்டில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

போன வருஷம் பங்குனி மாதம் கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்தது. அதிலிருந்து நஸ்லின் மிஸ் இறங்கினார். தலையில் முக்காடு, காலில் பெரிய பூட்ஸ், கையில் ஒரு பெட்டி. குழிக்காரர்கள் ஆறு பேரையும் வீட்டுக்காரிகளோடு வரச் சொல்லி, குழியோரக் குடிசையில் உட்காரவைத்துப் பேசினார்.

வேறு நாடுகளில் யுரேனியம் தோண்டுகிற சுரங்கங்கள் இருக்கின்றனவாம். அங்கே வேலை செய்கிறவர்கள் உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்று மாதா மாதம் அளந்து எழுதி வைப்பார்களாம். நம் பக்கத்தில் யுரேனியச் சுரங்கம் இல்லை. ஆனால் இந்த மண்ணில் அதற்கு உறவுக்கார உலோகங்கள் கொஞ்சம் கலந்து கிடக்கின்றன, மாணிக்கக் குழியில் இறங்குகிறவர்களை இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை, அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்றார்.

பிறகு பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார். தீப்பெட்டியில் பாதி இருக்கும். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு கிளிப். உள்ளே இருக்கிற சில்லு, பட்ட கதிரையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம்.

"வேலை நேரம் முழுக்க நெஞ்சுல போட்டிருங்க. வீட்டுக்குப் போனதும் கழட்டி, சுத்தமான, ஈரம் படாத, பிள்ளைங்க கை வைக்காத இடத்துல வைங்க. மூணு மாசத்துக்குப் பொறகு நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றார் மிஸ்.

மற்றவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறந்துவிட்டார்கள். மூக்கையாவின் பேட்ஜ் சட்டையோடு சேர்ந்து கொடியில் தொங்கியது. இன்னொருவருடையது பல் விளக்குகிற பிரஷ்ஷோடு தகரக் குவளையில் கிடந்தது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. அரசாங்கத்துச் சாமான். தொலைத்தால் யார் பதில் சொல்வது? பொழுது சாய அவர் வந்ததும் முதல் வேலையாகப் பேட்ஜைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, எங்கள் வீட்டிலேயே சுத்தமான, ஈரம் படாத, யாரும் கை வைக்காத இடத்தில் வைத்தேன். லயத்து வீட்டில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. சாமித் தட்டு.

காம்பரா என்கிற முன்னறைச் சுவரில் ஒரு பலகை அடித்து, அதில் மாரியம்மன் படமும் முருகன் படமும் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே குழிமுனி இருந்தார்.

குழிமுனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு வேலைக்கொரு சாமி உண்டு. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் கத்தரிக்கப் போனால் கவ்வாத்துச்சாமி. எங்கே கத்தி பிடிக்கிறோமோ அங்கே ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். அப்படியிருக்க, மண்ணுக்குள்ளே முப்பதடி இறங்குகிற என் புருஷனுக்கு மட்டும் ஒரு சாமி இல்லையே என்று எனக்கு மனக்குறை.

மாணிக்கம் கலந்த சரளையை ‘இல்லம’ என்பார்கள். அதைக் கூடையில் போட்டு ஓடைத் தண்ணீரில் அலசினால், லேசான மண்ணெல்லாம் போய்க் கனமான கற்கள் அடியில் தங்கும். மிஸ் வருவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அப்படி ஒரு கறுப்புக் கல் தங்கியது. பெரிய எலுமிச்சம்பழ அளவுதான், ஆனால் தூக்கினால் கை இறங்கியது. இது ஒன்றுக்கும் உதவாது, வீசிவிடு என்றாராம் முதலாளி. இவர் வீசாமல் இடுப்புச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு தேத்தண்ணி குடிக்க மேலே ஏறியிருக்கிறார். ஏறிய கையோடு குழியின் ஒரு பக்கச் சுவர் பொத்தென்று உள்ளே இறங்கிவிட்டது. அன்றைக்குப் பொழுது சாய அந்தக் கல்லை என் கையில் வாங்கினேன். மஞ்சள் தண்ணீரில் கழுவி, பொட்டு வைத்து, குழிமுனி என்று பேர் சொல்லி நடுவில் அமர்த்தினேன். என் புருஷன் பார்த்துவிட்டு, "கல்லுக்கெல்லாம் பொட்டு வை, சம்பல்ல மட்டும் உப்பப் பாக்காத" என்றார்.

அந்தக் குழிமுனியின் காலடியில்தான் பேட்ஜ் மூன்று மாதம் தூங்கியது. கொடுக்கிற அன்று அதற்கும் ஒரு பொட்டு வைக்கலாமா என்று நினைத்தேன். மிஸ் ஏதும் சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

ஆனியில் பேட்ஜ்கள் கொழும்புக்குப் போயின. ஆடியில் மிஸ் திரும்பி வந்தார், இந்த முறை முகத்தில் சிரிப்பில்லாமல். ஐந்து பேருக்கு அளவு ஒன்றுக்கும் கீழே. காத்தமுத்துவுக்கு முப்பத்தொன்பது. வருஷம் பூராவும் கதிரோடு வேலை செய்கிற ஆளுக்கே இருபதைத் தாண்டக் கூடாதாம்.

"ஒரே குழி, ஒரே நேரம், ஒரே வேலை. இவருக்கு மட்டும் எப்படி வந்திச்சுன்னு எனக்கே விளங்கல" என்றார் மிஸ். "ஒரு மாசம் குழிக்கு எறங்க வேணாம். வீட்ல இருங்க, புது பேட்ஜ் தர்றேன், அதை எந்நேரமும் போட்டிருங்க. அளவு கொறைஞ்சா குழியிலதான் ஏதோ இருக்கு, தேடிப் பார்ப்போம். கொறையாட்டி, உடம்புக்குள்ள ஏதாச்சும் போயிருக்கான்னு கொழும்புக்குக் கூட்டிட்டுப் போய்ப் பார்க்கணும்."

"பய வென்ன எபா, அழகம்மா" என்றார் குணபால முதலாளி. பயப்படாதே என்று அர்த்தம். யாராவது அப்படிச் சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். குறை சொல்கிற மனுஷன்தான், பாட்டை என்னிடம் காட்டாத மனுஷன்தான். ஆனால் அவர் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன், அந்த நினைப்பே வேண்டாம் என்றிருந்தது.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு மல்லிகா எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தினாள். பிள்ளைகள் கூட்டமாக வந்து, இவர் இருட்டில் மினுங்குகிறாரா என்று ஜன்னலால் எட்டிப் பார்த்தன. மூக்கையா தினமும் குழியிலிருந்து வருகிற வழியில் வாசலில் நின்று நலம் விசாரித்தான்.

"அண்ணே, கரண்ட் போனா ஒங்க வீட்டுக்குத்தான் வரணும்னு லயத்துல பேசிக்கிறாங்க."

"நீ வாடா, ஒனக்குத் தனியா ஒரு பல்ப் மாட்டுறேன்" என்பார் இவர்.

வெளியில் அப்படிப் பேசினாலும் உள்ளுக்குள் அவருக்கும் பயம். குழி இல்லாத அவர், தண்ணீர் இல்லாத பம்பு மாதிரி சும்மா கிடந்து கிர்ரென்றார். பகல் முழுக்க என் குசினியில்தான். தேங்காயை இப்படித் திருவு, அடுப்பை அப்படி மூட்டு, மிளகாயை ஏன் இந்தப் போத்தலில் வைத்தாய். பால் வெட்டிவிட்டு வந்து நிற்கக்கூட இடமில்லை. புதுப் பேட்ஜை இரண்டு நாள் குத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கழற்றி மேசையில் போட்டார்.

"வேலைக்குப் போகாதவனுக்கு என்னாத்துக்கு பேட்ஜ்? பாக்கிறவன் எல்லாம் இதத்தான் பாக்கிறான்."

"மிஸ் எந்நேரமும் போடச் சொன்னாங்கல்ல?"

"அப்ப நீ போட்டுக்க."

நான் போட்டுக்கொள்ளவில்லை. வேறென்ன செய்வேன், எடுத்துத் துடைத்துக் குழிமுனியின் காலடியில் வைத்தேன். இனி இரவு மட்டுமில்லை, பகலும் அங்கேதான். மனுஷன் போட மாட்டேன் என்கிறார், நீயாவது அவர் பேரில் இதைப் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் வைத்தேன். தினமும் ஐந்து நிமிஷம் கும்பிடுகிறவள் அரை மணி நேரம் நின்றேன். சூடம் கொளுத்தி, செவ்வரளி வைத்து, என் புருஷனைக் காப்பாற்று, அந்த அளவைக் குறைத்துவிடு என்று கேட்டேன். அழுதும் இருக்கிறேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஆவணி முதல் வாரத்தில் மிஸ் பேட்ஜை வாங்கிப் போனார். பத்து நாளில் நேரே எங்கள் வாசலில் வேன் வந்து நின்றது. லயமே கூடிவிட்டது. மூக்கையா குழியிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தான்.

"குழிக்குப் போகவே இல்லையா?" என்று மிஸ் இவரைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல, மிஸ்."

"மூணு மாசத்துல முப்பத்தொம்பது வந்திச்சு. இந்த ஒரே மாசத்துல இருபத்திரெண்டு. குழிக்குப் போகாம கூடியிருக்கு."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். உடம்புக்குள் போய்விட்டது, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மிஸ் பெட்டியிலிருந்து ஒரு மீட்டரை எடுத்தார். கை அகலக் கருவி, அதில் வயர் போட்ட ஒரு குழாய். இவரை நிற்க வைத்துத் தலையிலிருந்து கால்வரை அந்தக் குழாயைக் கொண்டுபோனார். எப்போதாவது ஒரு டிக், அவ்வளவுதான். மூக்கையாவை நிற்க வைத்தும் பார்த்தார். அவனுக்கும் அதே டிக். மிஸ்ஸின் நெற்றி சுருங்கியது.

"பேட்ஜை எங்க வச்சிருந்தீங்க, அழகம்மா அக்கா?"

"நீங்க சொன்ன மாதிரித்தான் மிஸ். சுத்தமான எடத்துல." பெருமையோடு தட்டைக் காட்டினேன்.

மிஸ் இரண்டு அடி எடுத்து வைத்தார். டிக் டிக் என்றது. இன்னும் ஓர் அடி. தட்டுக்குக் கிட்டே குழாயை நீட்டியதும் எண்ணெய்ச் சட்டியில் கடுகு விழுந்த மாதிரி படபடவென்று பொரிந்தது. மாரியம்மன் பக்கம் கொண்டுபோனார், குறைந்தது. முருகன் பக்கம் போனார், குறைந்தது. நடுவில் பொட்டோடும் பூவோடும் உட்கார்ந்திருந்த குழிமுனியிடம் வந்ததும் கருவி மூச்சு விடாமல் கத்தியது.

மிஸ் மீட்டரை நிறுத்தினார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"காத்தமுத்து அண்ணன், உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. இந்தக் கல்லுலதான் தோரியம் இருக்கு, அன்னைக்குச் சொன்னேனே, யுரேனியத்துக்கு உறவுக்கார உலோகம். கதிரெல்லாம் இதுல இருந்துதான். பேட்ஜ் இதுக்குப் பக்கத்துல படுத்திருந்து எல்லாத்தையும் வாங்கியிருக்கு. நீங்க வாங்கல. நாளைக்கே குழிக்கு எறங்கலாம்."

லயம் முழுக்கச் சிரித்தது. மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூக்கையா தரையில் உட்கார்ந்தேவிட்டான். ஒரு மாதமாக என் புருஷனைக் காப்பாற்று என்று யாரிடம் கேட்டேனோ, அவர்தான் அத்தனைக்கும் காரணம். நான் எவ்வளவு உருகிக் கும்பிட்டேனோ அவ்வளவுக்கு அளவை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

சிரிக்காமல் நின்றது இவர் ஒருவர்தான். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தட்டைப் பார்த்தார்.

"அப்ப இவளுக்கு?" என்றார்.

"என்ன அண்ணன்?"

"நான் இந்தத் தட்டுப் பக்கமே வர்றதில்ல மிஸ். இவதான் மூணு வருஷமா காலையிலும் சாயங்காலமும் இதுக்கு முன்னால நிக்கிறா. இந்த ஒரு மாசமா அரைமணி நேரம் நின்னா. நான் குசினியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இவளுக்கு யாரு பேட்ஜ் குடுத்தா?"

சிரிப்பு நின்றுவிட்டது. நான் அரைமணி நேரம் நின்றதை அவர் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மிஸ்ஸும் சிரிப்பை விட்டுவிட்டு வேலையில் இறங்கினார். நான் எங்கே நின்று கும்பிடுவேன் என்று காட்டச் சொன்னார். அந்த இடத்தில் குழாயைப் பிடித்தார். டேப்பை விரித்துத் தூரம் அளந்தார். எத்தனை நிமிஷம், கல்லை எப்போதெல்லாம் கழுவுவேன், நாங்கள் எங்கே படுக்கிறோம் என்று கேட்டுக் கொப்பியில் கணக்குப் போட்டார்.

"ஒட்டி இருந்தாத்தான் கூடுதல். ஒரு எட்டு தள்ளி நின்னாலே ரொம்பக் கொறைஞ்சிடும். நெஞ்சுல ஒரு எக்ஸ்ரே எடுத்தா எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அக்காவுக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல."

"கணக்கு சரி மிஸ்" என்றார் இவர். "எனக்கு மெசின்ல அளந்து சொன்னீங்க. இவளுக்கும் அளந்து சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் குழிக்கு எறங்க மாட்டேன்."

ஒரு மாதமாகக் குழிக்காகச் செத்துக்கொண்டிருந்த ஆள் இதைச் சொல்கிறார். மூக்கையா வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடியே இன்னொரு மாதம் இவர் என் குசினியில்தான் என்பதும் ஞாபகம் வந்தது.

குழிமுனியைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் மிஸ். சாமியைச் சும்மா தூக்கிப் பெட்டியில் போட முடியுமா? கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, ஓர் எட்டுக்கு இரண்டு எட்டாகத் தள்ளி நின்று, கடைசியாக ஒரு சூடம் காட்டினேன். நீ கெட்டவன் இல்லை, மண் சரிந்த அன்று இவரை மேலே ஏற்றியவன் நீதான், போய்ச் சுகமாக இரு என்று சொன்னேன். மிஸ் பொறுமையாகக் காத்திருந்து, கையுறை போட்டு, இடுக்கியால் எடுத்து, ஈயப் பெட்டிக்குள் இறக்கினார்.

"அவருக்கு மேல எதையும் அடுக்காதீங்க மிஸ்."

"தனி அறைதான் அக்கா. நாங்களே தள்ளித்தான் நிப்போம். நீங்க குடுத்ததை விட மரியாதை."

பெட்டிமேல் ஒட்டுகிற தாளில் பேர் எழுத வேண்டுமாம். ‘குழிமுனி, எஹலியகொட’ என்று தமிழில் எழுதி எனக்குக் காட்டினார். முதலாளியிடமும் சொல்லிவிட்டுப் போனார்: குழிக்குக் காற்று போகிற குழாய் போட வேண்டும், கூடையில் தங்குகிற கறுப்புக் கற்களை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தூரத்தில் ஒரு வாளியில் சேர்த்து மூடி வைக்க வேண்டும்.

வீட்டிலோ என் உடம்பிலோ ஏதும் தங்கியிருந்தால் காட்டட்டும் என்று எனக்கும் ஒரு பேட்ஜ் கிடைத்தது. பால் வெட்டப் போகும்போதும் வாளியோடு அதுவும் வந்தது. பொழுது சாய அதைக் கழற்றுவது என் புருஷனின் வேலையாகிவிட்டது. நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். சாமித் தட்டு, குசினி, மேசை எல்லாவற்றுக்கும் தள்ளி வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் மாட்டினார். மாட்டிவிட்டு ஒருதரம் தள்ளி நின்று பார்ப்பார். அந்த மாதம் அவர் குசினியில் ஏதாவது சொன்னால் நான் பதில் பேசவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று மல்லிகாவைக் கேட்டுப் பாருங்கள்.

புரட்டாசியில் மிஸ்ஸின் வேன் வந்தது. என் பேட்ஜில் கருவிக்குத் தெரிகிற அளவுக்கு ஒன்றுமே இல்லை. என் புருஷன் அளவு எழுதிய தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், நேரே குழிக்குப் போனார். மிஸ்ஸும் காற்றுக் குழாயைப் பார்ப்பதற்காகப் பின்னாலேயே போனார்.

அன்று சாயங்காலம் சேறும் சகதியுமாக வந்தவர், வாசலிலேயே நின்று சாரத்து மடிப்பை அவிழ்த்தார். உள்ளே ஒரு வெள்ளைக் கூழாங்கல். புறா முட்டை அளவு, ஓடைத் தண்ணீரில் நன்றாகக் கழுவியது.

"தட்டு நடுவுல வெறுமையா கெடக்கு" என்றார். "இத வச்சுக்க. மிஸ் போறதுக்கு முந்தி மீட்டர் வச்சுப் பாத்தாச்சு. நாலு பக்கமும் பாக்கச் சொன்னேன். சத்தமே போடல."

வாங்கி மஞ்சள் தண்ணீரில் கழுவிப் பொட்டு வைத்தேன். அவர் முதன்முதலாகத் தட்டுக்கு முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். அன்று சம்பலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாயில் வைத்துப் பார்த்தேன், உப்பு கூடித்தான் இருந்தது.